மேசைக்கு அந்தப் பக்கத்துப் படிப்பு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில் இருக்கிறது காடாம்புலியூர். சாலையோரம் முந்திரிப் பருப்புக் கடைகள். அவற்றுக்குப் பின்னே கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டை உடைக்கும் பெண்கள். உடைப்பதற்கும் தோல் உரிப்பதற்கும் கிலோ கணக்கில் கூலி. கொட்டை எண்ணெய் விரலை அரிக்கும் என்பதால் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். இவர்களில் ஒருத்தி சங்கத் தலைவியாகி, வேலையை விடாமலே தொழிலாளர் உறவுகளில் முதுகலை படிக்க நினைத்தால் அவளுக்கு என்ன வழி? இந்தக் கேள்வியோடுதான் தொழிலாளர் கல்வியின் வரலாற்றைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது, தொழிலாளிக்குச் சட்டம் தெரியாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருப்பதுதான். 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சங்கப் பொறுப்பாளர்களில் பாதிப்பேர் மட்டும் அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருந்தால் போதும் என்றது. மீதி இடம் வெளியாட்களுக்கு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கிய பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளிகள் அல்லர். அவர்கள் செய்த பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வெளியாள் நாற்காலியில் வக்கீலோ கட்சிக்காரரோ அமர்வது வழக்கமாயிற்று, அவர் பெரும்பாலும் ஆணாகவே இருந்தார். 2001 திருத்தம் வெளியாட்களை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதற்குள் அடக்கியது. ஆனால் அமைப்புசாராத் துறைக்கு, அதாவது பெண்கள் நிறைந்த துறைக்கு, பழைய பாதிக் கணக்கே தொடர்ந்தது.

படித்துத் தலைமைக்கு வரட்டும் என்றால் படிப்பு யாருக்காக அமைந்தது? மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் 1958இல் வந்தது. தொழிலாளிகளில் சிலரை ஆசிரியர்களாகப் பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டே ஆலைக்குள் வகுப்பு நடத்துவது அதன் முறை. நல்ல முறைதான், ஆலை இருந்தவர்களுக்கு! திண்ணையில் கொட்டை உடைப்பவளுக்கு எந்த ஆலை? சென்னையில் 1973இல் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் பிறந்தது. அது தந்த பட்டத்தின் பெயரோ ‘தொழிலாளர் மேலாண்மை’. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகள் நல அலுவலரை அமர்த்த வேண்டியிருந்தது. அந்த நாற்காலிக்கும் மனிதவளத் துறைக்கும் ஆள் தயாரிப்பதே இத்தகைய படிப்புகளின் முக்கியப் பயனாயிற்று. பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவரின் படிப்பு அது. இந்தப் பக்கம் உட்காருபவள் அனுபவத்தை மட்டும் கொண்டுவந்தால் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

உலகில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரி 1921 முதல் 1938 வரை ஆலைப் பெண்களுக்கென்றே கோடைப் பள்ளி நடத்தியது. தையல் இயந்திரத்திலிருந்து வந்தவர்கள் பொருளாதாரம் படித்தார்கள். கறுப்பினப் பெண்களுக்கு 1926இல்தான் கதவு திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2004இல் தொடங்கிய உலகளாவிய தொழிலாளர் பல்கலைக்கழகம், சங்கத்துக்காரர்களுக்கென்றே முதுகலைப் படிப்பை ஜெர்மனியில் ஆரம்பித்தது. பிறகு ஜோகன்னஸ்பர்க், பிரேசில், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று விரிந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்திலோ ஜனவரியில் பத்து நாள், ஜூலையில் பத்து நாள் நேரில் போனால் போதும், மீதியை வேலையில் இருந்தபடியே படிக்கலாம். அந்தப் பத்து நாளுக்கு வீட்டில் யார் உலை வைப்பார்கள் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கேள்வி.

நமக்குச் சிதம்பரம் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. தபாலில் பாடம் வரும்; தேர்வுக்கு மட்டும் போனால் போதும். பின்னாளில் முதல் பட்டம் இல்லாதவர்களையும் திறந்தநிலை முறையில் முதுகலைக்குச் சேர்த்தார்கள். எட்டாம் வகுப்போடு கொட்டகைக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்! 2009இல் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இன்றிப் பெற்ற அத்தகைய முதுகலை அரசுப் பணிக்குத் தகுதியாகாது என்றது. அடிப்படைக் கல்வி இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் சட்டம் படிக்க முடியாதபடி வழக்கறிஞர் கழகத்தின் 2008 விதிகள் ஏற்கெனவே தடுத்திருந்தன. பட்டத்தை விற்கும் கடைகளை அடைக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் பள்ளியைப் பாதியில் நிறுத்தியவர்களில் யார் விரும்பி நிறுத்தினார்கள், யார் நிறுத்தப்பட்டார்கள் என்று எந்த விதியும் பிரித்துப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் முழு இணையவழிப் பட்டங்களுக்கு விதி வகுத்தது. இணையவழி முதுகலை இப்போது கைக்கெட்டும் தூரம் என்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சங்கக் கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு அக்கா கேட்டார்: “போன் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் என் கைக்கு வரும். வாத்தியார் அப்போ முழிச்சிருப்பாரா?” எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது பாடத்தைப் பதிவுசெய்து வைப்பீர்களா என்பதுதான்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கிலோ கூலியை நாள் கூலியாக மாற்றிக் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடும் கணக்கு முதலில் வேண்டும். உடையாத முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. உடைந்ததன் நட்டம் யார் தலையில் என்பது அடுத்தது. கையில் ஏறும் எண்ணெய்ப் புண் தொழில் நோயா என்பது மூன்றாவது. 2022இல் திண்டுக்கல்லில் தலித் பெண்கள் தலைமையிலான ஜவுளித் தொழிலாளர் சங்கம், பாலியல் தொல்லைக்கு எதிராக ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டதே, அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்றார். அது தமிழில் வேண்டும் என்றும் சொன்னார்.