எளிய நுண்ணோக்கியும் ஸ்ட்ராண்டு தெருக் கைவினைஞரும்: ராபர்ட் பிரௌனின் ஓர் அடிக்குறிப்பை முன்வைத்து

1827ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் கிளார்க்கியா புல்கெல்லா என்னும் செடியின் மகரந்தத்தை ஆராய்ந்தார். மகரந்த மணிக்குள் அடங்கியிருந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் அலைபாய்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு அச்சிட்ட சிறுநூலில், தாம் கண்டவை எல்லாம் எளிய நுண்ணோக்கி ஒன்றால், அதிலும் ஒரே வில்லையால் கண்டவை என்று எழுதுகிறார். அந்த வில்லையின் குவியத் தூரம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. அதற்கு ஓர் அடிக்குறிப்பும் இருக்கிறது. வில்லை ஸ்ட்ராண்டு தெருவிலிருந்த பாங்க்ஸ் என்னும் ஒளியியல் கருவி வினைஞரிடம் பெற்றது. பல ஆண்டுகளாகப் பிரௌனின் கையிலிருந்தது. ஆய்வு கணிசமாக முன்னேறிய பிறகு இன்னொரு கருவி வினைஞரான டாலண்டிடம் விஷயத்தை விளக்க, அவர் மிக நுட்பமாக நகர்த்திச் சரிசெய்யக்கூடிய பாக்கெட் நுண்ணோக்கி ஒன்றைச் செய்து தந்தார். அதன் வில்லைகளில் இரண்டு, பாங்க்ஸின் வில்லையைவிட ஆற்றல் மிகுந்தவை.

பிரௌனியன் இயக்கம் பற்றி எழுதுவோர் ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் தாவும் அவசரத்தில் இந்த அடிக்குறிப்பைக் கடந்துவிடுகிறார்கள். கடக்கக்கூடாது என்பதே என் வாதம். கையடக்கமான எளிய நுண்ணோக்கியைக் கூட்டு நுண்ணோக்கியின் ஏழைத் தம்பியாக, செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாகப் பார்க்கும் வழக்கம் கருவி வரலாற்றில் வேரூன்றியிருக்கிறது. 1830க்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளைப் பொறுத்தவரை அந்தப் பார்வை தலைகீழானது. நுண்மையான வேலைக்கு நம்பத்தகுந்த கருவி அன்று அதுதான். அதன் தரம் வில்லையை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதைத் தாங்கி நகர்த்திய பித்தளை வேலைப்பாட்டையும் நம்பியிருந்தது.

அந்தப் பழைய பார்வை எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1991இல் அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டமொன்றில் டேனியல் டாய்ட்ஷ் என்பவர், பிரௌன் தம் கருவியால் பிரௌனியன் இயக்கத்தைக் கண்டிருக்கவே முடியாது என வாதிட்டார். லின்னேயன் கழகத்திலுள்ள பிரௌனின் பாங்க்ஸ் நுண்ணோக்கியையே எடுத்து, அதே செடியின் மகரந்தத்தை வைத்து, துகள்கள் துள்ளுவதைப் பிரையன் ஃபோர்டு காட்டினார். 2010இல் பிலிப் பேர்ல் குழுவினர் கண்ணாடிக் குண்டு ஒன்றையே வில்லையாகக் கொண்டு அதே காட்சியைத் திரும்பப் பெற்றார்கள். மிகச் சிறிய துகள்களின் அளவைப் பிரௌன் சற்று மிகையாகக் குறித்திருக்கிறார், விளிம்பு விளைவும் வில்லைப் பிறழ்ச்சியும் பிம்பத்தைப் பெருக்கிக் காட்டியிருக்கின்றன என்றும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு இந்தத் திருத்தம் முக்கியமானது. கருவி குறையற்றது என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. அதன் குறை எங்கே, எவ்வளவு என்று சொல்ல முடிகிறது, அது போதும். (இடையே ஒன்று: மகரந்த மணிகளே ஆடின என்று இன்றும் எழுதும் பாடநூல்கள் உண்டு. மணிகள் அப்படி ஆடுவதற்கு மிகப் பெரியவை. பிரௌன் கண்டது அவற்றுள்ளிருந்து வந்த, பெரியவையே 5, 6 மைக்ரான் நீளமுள்ள துகள்களை.)

ஐயம் எழுந்ததன் காரணம் எளிது. ஒரு வில்லையைவிட இரண்டு மேல், இரண்டைவிட நான்கு மேல் என்று வரலாற்றை ஏணியாக அடுக்கிவிட்டோம். ஒளியியல் அப்படி அடுக்கவில்லை. பழைய கூட்டு நுண்ணோக்கியில் பொருளருகு வில்லை தன் நிறப்பிறழ்ச்சியையும் கோளப்பிறழ்ச்சியையும் பிம்பத்தில் ஏற்றும்; கண்ணருகு வில்லை அந்தக் குறைபட்ட பிம்பத்தைத்தான் பெரிதாக்கும். உருவம் பெருகும், அதன் ஓரத்து வண்ணப் புகைமூட்டமும் கூடவே பெருகும். ஒற்றை வில்லையில் இந்தப் பெருக்கல் இல்லை. தெளிவாகக் காணும் தூரமான 250 மில்லிமீட்டரைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். பிரௌனின் வில்லைக்கு அது 300 மடங்குக்குச் சற்று மேல். 1665இல் வெளிவந்த மைக்ரோகிராஃபியாவின் முன்னுரையில், கண்ணாடி இழையை உருக்கிக் குண்டாக்கும் முறையைச் சொல்லும் ராபர்ட் ஹூக்கே, ஒற்றை வில்லையில் பொருள் தெளிவாகத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறார். அவர் அதைத் தவிர்த்தது கண்ணுக்குத் தொல்லை என்பதால்தான். தொல்லை பாராட்டாத டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லூவன்ஹாக், உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகத் தகடுகளுக்கிடையே பதித்த வில்லைகளால் பாக்டீரியாவரை போனார்.

கையடக்கக் கருவி அங்காடிப் பொருளானது அதற்குப் பின்தான். 1702இல் ஜேம்ஸ் வில்சன் ராயல் கழகத்தின் இதழில் விவரித்த திருகு உருளை நுண்ணோக்கி நல்ல எடுத்துக்காட்டு. தந்த உருளையோ பித்தளை உருளையோ, உள்ளே ஒரு சுருள்வில்; தந்தச் சட்டத்தில் குடைந்த துளைகளில் காக்காய்ப்பொன் வில்லைகளுக்கு நடுவே பொருளை வைத்துச் செருகினால் சுருள்வில் அதை இறுகப் பிடிக்கும்; திருகத் திருகப் பொருள் வில்லையை நெருங்கும். பிறகு சாளரத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். திருக்கைத் தோல் போர்த்திய பெட்டியில் வில்லைகளோடு இது விற்றது. வில்சன் பெயரால் வழங்கினாலும், எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1694இல், நெதர்லாந்தின் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் இதே அமைப்பை விவரித்துவிட்டார். எட்மண்ட் கல்பெப்பர் முதலிய லண்டன்காரர்களும் இதைச் செய்து விற்றார்கள். கருவியின் மேல் செதுக்கிய பெயர் விற்றவரைக் காட்டலாம், செய்தவரைக் காட்டலாம்; கண்டுபிடித்தவரை அரிதாகவே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி வகை என்று பெயர்பெற்ற சிறு பெட்டி நுண்ணோக்கியை வடிவமைத்தவர், கேரி கடையில் வேலை பார்த்த சார்லஸ் கூல்ட். வகைப்பெயரை வைத்து வரலாறு எழுதுவோருக்கு இது முதல் எச்சரிக்கை.

பாங்க்ஸ், கேரி தலைமுறையின் கருவிகள் வில்சனுடையதிலிருந்து ஒரு முக்கிய இடத்தில் விலகின. பெட்டியே கருவியின் ஓர் உறுப்பாயிற்று. மூடியிலுள்ள பித்தளைத் திருகுகுழியில் தூணை முறுக்கி நிறுத்தினால் பெட்டியே அடிப்பீடம்; தூணில் மேலிருந்து கீழாக வில்லை தாங்கும் கை, பொருள்மேடை, ஒளியைத் திருப்பும் கண்ணாடி. பிரித்தால் அத்தனையும் உள்ளேயே தத்தம் குழிகளில் படுத்துக்கொள்ளும். எடை குறைந்தது ஒருபுறம். கருவி மேசையில் ஊன்றி நின்றதால் இரண்டு கைகளும் விடுதலையானது அதைவிடப் பெரிது.

நகர்த்தும் பொறிமுறையின் முக்கியத்துவம் இங்கேதான் வருகிறது. 0.8 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லைக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கூர்மையாகத் தெரியும் ஆழமோ சில மைக்ரான்தான். தூணில் சற்றே ஆட்டம் இருந்தாலும், பல்சட்டம் ஒரு பல் தாவினாலும், துகள் பார்வையிலிருந்து மறைந்துபோகும். வில்லை நீர்த்துளியில் முட்டவும் கூடும். துகளின் ஆட்டத்தை ஆராய்பவருக்கோ கருவியின் ஆட்டமே முதல் எதிரி. பிரௌன் டாலண்டின் கருவியைப் பற்றிச் சொல்லும்போது வில்லைகளுக்கு முன்பாக அதன் நுட்பமான நகர்த்தலைக் குறிப்பிடுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதில் உண்மையும் உண்டு. இந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி தெள்ளுப்பூச்சியையும் மீன்செதிலையும் விருந்தாளிகளுக்குக் காட்டவே வாங்கப்பட்டன. நுண்ணோக்கியை எளிமையாக விளக்கி 1742இல் வெளிவந்த ஹென்றி பேக்கரின் நூலே அத்தகைய வாசகர் கூட்டத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதுதான். ஆனால் இன்று ஏலத்திலும் அருங்காட்சியகத்திலும் மெருகு கலையாமல் கிடைப்பவை பெரும்பாலும் பயன்படுத்தப்படாதவை என்பதை மறக்கலாகாது. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் உழைத்தவை தேய்ந்து, உறுப்பிழந்து, பழம்பித்தளையாக உருகிப்போயிருக்கும். எஞ்சியவற்றின் மெருகைப் பார்த்து எல்லாமே விளையாட்டுப் பொருள்கள் என்று முடிவுகட்டுவது, சான்று எஞ்சிய விதத்தையே சான்றாகக் கொள்வதாகும்.

டார்வின் 1831இல் பீகிள் கப்பலில் ஏறியபோது பாங்க்ஸ் செய்த எளிய நுண்ணோக்கியைக் கொண்டுபோனார். கடற்படையினருக்கும் பொதுவாகப் பயணிகளுக்குமாகப் பிரிட்டன் கடற்படைத் தலைமையகம் 1849இல் வெளியிட்ட கையேட்டில், ரிச்சர்ட் ஓவனின் விலங்கியல் பகுதிக்குள் கப்பலில் நுண்ணோக்கி பயன்படுத்துவது பற்றிய டார்வினின் அறிவுரை இடம்பெற்றது. அதற்குள் ஜோசப் ஜாக்சன் லிஸ்டரின் 1830ஆம் ஆண்டு ஆய்வால் நிறப்பிறழ்ச்சி நீங்கிய நல்ல கூட்டு நுண்ணோக்கிகள் வந்துவிட்டன. அப்படியிருந்தும் டார்வின் எளிய கருவிக்காகப் பேசியது பழக்கதோஷத்தால் அன்று. கூட்டு நுண்ணோக்கி பிம்பத்தைத் தலைகீழாக்கும். ஊசியை வலப்புறம் நகர்த்தினால் அது இடப்புறம் நகர்வதாகத் தெரியும். எளிய வில்லை நேராகக் காட்டும். எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளை அறுத்துப் பார்த்த டார்வினுக்குக் கண்ணும் கையும் ஒரே திசையில் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒளியியல் மேன்மை போன பின்னும் இந்தக் கை மேன்மை போகவில்லை.

நூற்றாண்டின் இறுதியில் கையடக்கம் என்ற சிக்கல் வெப்ப நாடுகளிலிருந்து திரும்பி வந்தது. சென்னை மாகாணப் பணிப் பிரிவைச் சேர்ந்த மருத்துவர் ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, வியர்வையால் கருவியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. எஞ்சிய ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் விட்டிருந்தது. கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவையும் ஓட்டவில்லை. 1930களில் போர்னியோவில் மலேரியா ஆய்வு செய்த ஜான் மெக்ஆர்தர், ஒளிப்பாதையை முப்பட்டகங்களால் மடித்து, கூட்டு நுண்ணோக்கியையே உள்ளங்கைக்குள் அடக்கினார்.

2014இல் மனு பிரகாஷ் குழு அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பை லூவன்ஹாக்கின் வாரிசு என்று புகழ்வது இப்போது வழக்கம். வில்லையை வைத்துப் பார்த்தால் சரி. இயங்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் அதன் மூதாதை வில்சனின் உருளை: பொருளையும் வில்லையையும் ஒரே உடம்பில் இறுக்கி, கையிலேந்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடிப்பது. கை நடுங்கினால் இரண்டும் சேர்ந்தே நடுங்கும், பிம்பம் குலையாது. விலை மலிவின் இரகசியங்களில் ஒன்று அது. பாங்க்ஸும் டாலண்டும் தூண் நாட்டி, பல்சட்டம் இழைத்து, இரு கைகளுக்கும் விடுதலை கொடுத்தார்களே, அந்த மரபை ஃபோல்ட்ஸ்கோப் எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை வளைத்துக் கூர்மை பிடிக்கும் அந்தக் கருவியில் மகரந்தத்தைப் பார்க்கலாம், இரத்த அணுவைப் பார்க்கலாம். ஒரு கொட்டலசை ஊசியால் பிரித்துக்கொண்டே பார்க்க முடியாது.