நயினார் என்னும் பெயர்

கல்லாற்றில் பொன்முடிக்குப் போகிற சாலையோரம் மலைச்சரக்குக் கடை வைத்து முப்பத்தைந்து வருஷமாகிறது. வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் பெயருக்குப் பின்னால் 'நாயர்' என்று எழுதிவிட்டார்கள். "நயினார்" என்றேன். "ஓ, நாயனாரா? கண்ணூர்க்காரரா?" என்று கேட்டார் குமாஸ்தா. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன் என்று விளக்கி வீடு திரும்பியபோது எனக்கே கேள்வி பிறந்தது: இந்தப் பெயர் உண்மையில் யாருடையது?

'நாயகன்' என்பதே வேர். அது 'நாயன்' ஆகி, மரியாதை விகுதி பெற்று 'நாயனார்' ஆயிற்று. பேச்சில் முதலெழுத்து குறுகி 'நயினார்' என்றாயிற்று. தலைவர், ஐயா என்பது பொருள். எங்களவர் சிலர் 'ஜைனர்' என்பதே இப்படித் திரிந்தது என்பார்கள். கேட்க இனிக்கிறது, ஆனால் ஒப்ப முடியவில்லை. அப்படியானால் சைவ அடியார் அறுபத்துமூவர் எப்படி நாயன்மார் ஆனார்கள்? ஆசார்ய ஹிருதயம் இயற்றிய வைணவப் பெரியவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்று பெயர் வந்தது எப்படி? சித்ரா பௌர்ணமியன்று தென்பாண்டிச் சீமையில் சித்திரபுத்திர நயினார் கதை வாசிக்கிறார்களே, எமனுடைய கணக்கர் சமணரா என்ன! பரமக்குடிக்கு அருகே நயினார்கோவில் என்னும் ஊரில் இருப்பதும் சிவன் கோயில்தான்.

எனக்குப் பிடித்த சான்று சென்னையில் கிடைத்தது. மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த எங்கள் அ. சக்கரவர்த்தி நயினாரின் தமிழ்ச் சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூல் 1941-ல் வந்தது. மறு வருஷம், 1942-ல், தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் பூகோள அறிஞர்கள் அறிந்திருந்ததைத் தொகுத்து ஒரு நூல் வந்தது. எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹுசைன் நயினார். ஒரே நகரம், ஒரே பட்டம், இரண்டு மதம்.

கண்ணூர்ப் பக்கத்து நாயனாரும் அதே சொல்தான். மூன்று முறை கேரள முதல்வராக இருந்து 2004-ல் மறைந்த இ.கே. நாயனாரால் அது நாடறிந்த பெயராயிற்று. ஆகவே அந்தக் குமாஸ்தா கேட்டதில் பாதி நியாயம் உண்டு.

நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இருந்ததில்லை. நயினார் என்பது பெயருக்குப் பின் வைக்கும் மரியாதை, அதுவும் ஆணுக்குத்தான். என் தாயார் பெயரோடு 'அம்மாள்' மட்டுமே வந்தது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு பல வகுப்பாரும் அவற்றைக் கைவிட்டார்கள். எங்கள் வீட்டில் என் தலைமுறையோடு நின்றுவிட்டது.

சென்ற வருஷம் பேத்திக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பினோம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் நயினார் போடலாமே என்றேன். "பொண்ணுக்கு எதுக்கு தாத்தா 'ஆர்'?" என்று சிரித்தாள். மகன் தன் பெயரையே போட்டான். கடைப் பலகையில் மட்டும் நயினார் இருக்கிறது. போன மழைக்கு முன்னால்தான் புதுசாய் எழுதவைத்தேன்.