தெஹானு: பாதி டிராகனும் பிளவுண்ட வாசகர்களும்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) படைத்த எர்த்ஸீ என்னும் தீவுக்கூட்டத்தின் முதல் மூன்று நாவல்கள் 1968க்கும் 1972க்கும் இடையில் வெளிவந்தன. நான்காவதான ‘தெஹானு’ வந்ததோ 1990இல். முதல் நாவலைப் பன்னிரண்டு வயதில் படித்தவர் அப்போது முப்பதைக் கடந்திருப்பார். ஆனால் அவர் நினைவிலிருந்த எர்த்ஸீ அப்படியே இருந்தது. ‘தெஹானு’வை ஒட்டி எழுந்த வாசகப் பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது எனலாம்.

முதல் நாவல்களில் டிராகன் மனிதனுக்கு முற்றிலும் வேறானது. கெட் என்னும் மந்திரவாதி அதை எதிர்கொள்கிறான், பேரம் பேசுகிறான். நான்காம் நாவலில் டிராகன் ஓர் எளிய வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெற்றவரே அடித்து நெருப்பில் எறிந்த, முகம் ஒருபுறம் வெந்துபோன சிறுமி தெர்ருவைத் தெனார் என்னும் நடுவயதுப் பெண் எடுத்து வளர்க்கிறாள். டிராகன்களும் மனிதரும் ஆதியில் ஓரினமே என்ற பழங்கதை இதில் சொல்லப்படுகிறது. நெசவாளர் ஒருவரிடமுள்ள விசிறியின் ஒருபக்கத்தில் மனிதரும் மறுபக்கத்தில் டிராகன்களும் தீட்டப்பட்டிருக்க, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகின்றன. இறுதியில் அச்சிறுமி அழைக்க, மூத்த டிராகனான கலெஸ்ஸின் வருகிறது. தெஹானு என்பது அவளுடைய மெய்ப்பெயர்.

நாவல் நெபுலா விருது பெற்றது. எனினும் வாசகர்கள் இரண்டுபட்டனர். வீரனான கெட் ஆடு மேய்ப்பவனாகிவிட்டான், பெண்ணியம் கதையை விழுங்கிவிட்டது, சிறார் நூலில் இத்தனை கொடுமை ஏன் என்பன ஒரு சாராரின் மனக்குறைகள். மறுசாராரோ, ஆண்களே மந்திரம் பயிலும் ரோக் பள்ளியின் வாயிலில் நின்றுவிட்ட பெண்களின் வாழ்வு முதன்முறையாகக் கதையானதென்று வரவேற்றனர்.

கெட் தன் ஆற்றலை இழந்தது மூன்றாம் நாவலின் முடிவிலேயே என்பதை நாம் இங்கு நினைவுகொள்ள வேண்டும். ‘தெஹானு’ புதிதாக எதையும் பறிக்கவில்லை. இழந்தவன் மறுநாள் எப்படி வாழ்வான் என்று கேட்டது, அவ்வளவே. தம் மனமாற்றத்திற்கான காரணங்களை லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையொன்றில் விளக்கினார்.

‘எர்த்ஸீயின் கடைசி நூல்’ என்ற துணைத்தலைப்புடன் வந்த நாவல் கடைசியாக இருக்கவில்லை. 2001இல் வந்த கதைத்தொகுதியில் ரோக் பள்ளிக்குள் நுழைய முயலும் ஐரியன் என்னும் பெண் டிராகனாகிறாள். அதே ஆண்டின் ‘மற்றொரு காற்று’ நாவலில் தெஹானுவும் உருமாறிப் பறக்கிறாள். பதினோரு ஆண்டுகள் வாசகர்கள் அவளைத் தழும்போடுதான் அறிந்திருந்தனர் என்பது கவனத்திற்குரியது. எந்த மந்திரமும் அத்தழும்பை ஆற்றவில்லை.

மிகுபுனைவில் பாதி மனிதப் பிறவி பெரும்பாலும் கூடுதல் வலிமையின் அடையாளம். தெஹானுவிடம் அது முதலில் காயமாகவே தோன்றுகிறது. ஊரார் அவளைக் கண்டு அஞ்சி முகம் திருப்புகின்றனர். வெந்த முகத்தைத் திரும்பாமல் பார்க்கும்படி நாவல் நம்மையும் கேட்கிறது. சலிப்புற்ற வாசகர், மகிழ்ந்த வாசகர் ஆகிய இருவருமே அந்தக் கேள்விக்குத்தான் பதிலளித்தார்கள் என்று கருதுகிறோம்.