முகமும் திருத்தமும்
(ஈழத்து நிழற்பட ஆர்வலர் வரலாற்றில் ஒரு பகுதி)

கொட்டியாரக் குடாவின் கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்தை நீர்ப்பரப்பினூடே நோக்கியவாறு அமைந்த ஊர் சம்பூர். அவ்வூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரின்போது வீடுவாசல் துறந்து வெளியேறினர். கிளிவெட்டி, பட்டித்திடல் முதலாய இடங்களிலிருந்த இடைத்தங்கல் முகாம்களிலே பல்லாண்டு கழித்தபின், 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் பெரும்பாலோர் தம் காணிகளுக்கு மீண்டனர். உடுத்த உடையோடு பெயர்ந்த குடும்பங்கள் இழந்தவற்றுள், வீடு மீளக் கட்டப்படலாம்; வயல் மீளத் திருத்தப்படலாம்; சுவரிலே தொங்கிய முன்னோர் படம் மீள்வதில்லை.

போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இறந்த தந்தைக்கோ பாட்டிக்கோ எஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டையிலுள்ள சிறு படம் ஒன்றே. அதனைப் பெருப்பித்து, கறை போக்கி, சட்டமிட்டு, மாலை சூட்டி வைத்தல் வழக்கமாயிற்று. ஸ்ரூடியோக்காரர் செய்து வந்த இப்பணி இன்று கணினியும் கைத்தொலைபேசியும் பழகிய வீட்டுப் பிள்ளையின் கைக்கும் வந்துவிட்டது. அப்பிள்ளை எதனை நீக்கலாம்? எதனை நீக்கலாகாது? நிழற்படத்தைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தாற் கற்றோர் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக இவ்வினாவோடு போராடியுள்ளனர். அவருட் சிலர் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தொழிற்பட்டோர் என்பது பலர் அறியாத செய்தி.

1839ஆம் ஆண்டிலே பிரான்சில் டாகேரின் முறை வெளியிடப்பட்டது. 1850களிற் பரவிய கொலோடியன் ஈரத்தகடு, ஒன்றிலிருந்து பல படிகள் எடுக்க வழி செய்தது. ஆயின் அத்தகட்டுக்கு ஒரு குறை உண்டு. நீலவொளியை அது விரைந்து கவரும். செம்மையையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. இதன் விளைவு தமிழர் முகத்திலே நன்கு தெரிந்தது. குங்குமப் பொட்டு கரும்பொட்டாயிற்று, சந்தனம் மங்கியது, திருநீறு மட்டும் பளிச்சென நின்றது. மாநிற மேனி உள்ளதினும் மிகக் கறுத்துப் பதிந்தது. பழைய படங்களிலே நம் முன்னோர் காணப்படும் கருமையிற் பெரும்பகுதி தகட்டின் குருட்டுத்தன்மையால் வந்ததேயன்றி அவர்தம் நிறத்தால் வந்ததன்று. 1873இல் ஜெர்மானியரான வோகல் சாயமூட்டி இக்குறையை ஓரளவு போக்க வழிகண்டார். எனினும், எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

குறையுள்ள தகடு இருப்பின் அதனைத் திருத்தும் கையும் தோன்றுமன்றோ? நெகற்றிவிலே கரியது படத்தில் வெளிதாகும், வெளியது கரிதாகும். ஆதலின், முகச்சுருக்கமோ அம்மைத் தழும்போ உள்ள இடத்தில் நெகற்றிவின்மேற் கூரிய பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டால், படத்தில் அவ்விடம் வெளுத்து மறைந்துவிடும். கத்தி நுனியாற் சுரண்டின் அவ்விடம் கறுக்கும். மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பார், திருத்திய நெகற்றிவ் ஒன்றின் படியையும் திருத்தாத படியையும் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அருகருகே வைத்துக் காட்டினார் என்பர். பின்னர் ஸ்ரூடியோக்கள் எங்கணும் இக்கலை பரவிற்று. முதியோர் இளையோராயினர், கரியோர் செய்யோராயினர், ஒரே குடும்பத்தார் அனைவரும் ஒரே வழவழப்பான கன்னத்தோடு விளங்கினர்!

திருத்தம் முகத்தளவில் நிற்கவுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், விடுமுறைக் காலத்தில் ஆர்வத்தாற் கற்ற இக்கலையைக் கொண்டு 1858ஆம் ஆண்டிலே மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். அவருடைய காகித நெகற்றிவுகளில் வானம் வெறுமையாகவே பதியும். எனவே அவர் வண்ணங்கொண்டு மேகங்களைத் தம் கையாலேயே தீட்டினார்; இலைகளையும் தெளிவுறுத்தினார். ஆயினும் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டியபோது, எழுத்தைக் கற்பனையால் நிரப்பினாரல்லர். வானம் எவருக்கும் சான்றன்று, கல்வெட்டோ சான்று. இவ்வேறுபாட்டை அவர் செய்கை நன்கு காட்டுகின்றது.

இனி, ஈழத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவரை நோக்குவாம். கோல்புறூக்–கமரன் அரசியற் சீர்திருத்தத்தை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். அந்தக் கமரனின் மனைவியே ஜூலியா மாகிரற் கமரன். 1815இற் கல்கத்தாவிலே பிறந்த இவருக்கு, 1863ஆம் ஆண்டு இறுதியில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். ஆசிரியர் எவருமின்றிக் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு தொழிற்பட்டார். தகடுகள் பலவற்றைப் பாழாக்கியே கற்றார். கூர்மையின்றி மங்கலாகப் படமெடுக்கிறார் என்றும், தகட்டிலே விரல் அடையாளமும் கீறலும் விட்டுவிடுகிறார் என்றும் அக்காலத்துத் திறனாய்வாளர் இகழ்ந்தனர். அவரோ, திருத்தாத படத்தையே வெளியிடுவதைத் தம் பெருமையாகக் கூறிக்கொண்டார். (சில நெகற்றிவுகளை அவரே சுரண்டியதும் உண்டு, கொள்கை வேறு, கைப்பழக்கம் வேறு.) வானியலறிஞர் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படத்திலே சுருக்கங்கள் அத்தனையும் உள. அவற்றை அழித்திருப்பின் அப்படத்தில் எஞ்சுவது யாது?

1875இல் கணவரோடு இலங்கைக்குப் பெயர்ந்த இவ்வம்மையார், களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து 1879 ஜனவரியில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் அவற்றிலே தோன்றுகின்றனர். 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியன் நோர்த், அவ்வெப்பத்திலே கம்பளிச் சால்வை போர்த்தித் தம்மை நிறுத்திவைத்துப் படமெடுத்த கதையை வேடிக்கையாக எழுதியுள்ளார். ஆனால் ஒன்று நோக்கற்பாலது. இங்கிலாந்தில் எடுத்தவை டெனிசன், டார்வின் எனப் பெயரோடு விளங்க, இங்கு எடுத்தவை ‘களுத்துறைக் குடியானவர்’ என்பது போன்ற பொதுத் தலைப்போடு நிற்கின்றன. முகம் திருத்தப்படவில்லை, பெயரோ அழிந்தது. அம்முகங்களுக்குரியோரின் பேரர் இன்று அவரைத் தேடின் எவ்வாறு காண்பர்? பெயர் எழுதாத படத்துக்கு நேர்ந்த இழப்பு, பென்சிலால் நேரும் இழப்பினும் பெரிது.

கமரன் அம்மையாருக்கு அரைநூற்றாண்டின் பின் தோன்றியவர் லயனல் வென்ற். 1900இற் கொழும்பிற் பிறந்து, இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்ற இவர், 1930களிலே நிழற்படத்தில் முழுமையாக ஈடுபட்டார்; 1934இல் இலங்கை நிழற்படச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். லைக்கா, றோலிபிளெக்ஸ் ஆகிய சிறு கமராக்களால் உழவர், மீனவர், ஆடுநர் எனப் பலரைப் பதிவு செய்தார். இருட்டறையிலோ அவர் செய்யாத மாற்றமில்லை. படம் கழுவப்படும்போதே ஒரு கணம் வெளிச்சங் காட்டி, உருவின் விளிம்பிலே கோடு தோன்றச் செய்வார். இதனைச் சோலரைசேசன் என்பர். பல நெகற்றிவுகளை இணைத்து ஒரே படமாக்குவார். ஸ்ரூடியோத் திருத்தத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வென்ற் செய்த மாற்றம் கண்ணுக்கு நேரே தெரிவது, பார்ப்பவர் ஏமாறுவதில்லை. பென்சில் திருத்தமோ தான் இல்லாததுபோல் ஒளிந்து நிற்பது. 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. தாளில் அச்சிட்டவையே எஞ்சின.

இன்று பென்சிலின் இடத்தைப் பிடித்தது 1990இல் விற்பனைக்கு வந்த போட்டோஷொப்பும் அதன் வழிவந்தனவும். கைத்தொலைபேசி சிலவற்றில், கேளாமலே கன்னம் வழவழப்பாகிறது, மேனி வெளுக்கிறது. இதனை நிறுத்தி வைத்தலே கற்போன் செய்யத்தக்க முதற் பயிற்சி. அடுத்தது ஒளி. சம்பூர் போன்ற கீழ்க்கரை ஊரிலே நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுந்து கண்குழியை இருளாக்கும். மாநிற முகத்தில் அவ்விருள் இன்னும் தடிக்கும். திண்ணையிலோ மர நிழலிலோ, ஒருபுறம் திறந்த வானம் நோக்க அமர்த்தினால் ஒளி மென்மையாய்ப் படரும். தொலைபேசியின் அகல்வில்லை அருகிருந்து நோக்கின் மூக்கைப் பெருப்பிக்கும். ஐந்தாறடி விலகி நிற்பின் முகம் தன் அளவில் அமையும்.

பழைய அட்டைப் படத்தைப் பெருப்பிக்கும்போது, மடிப்புக் கோடு, முத்திரை மை, பூஞ்சணம் ஆகியவை தாளுக்குரியன, நீக்கலாம். மச்சம், தழும்பு, நரை, சற்றே சாய்ந்த கண் ஆகியவை ஆளுக்குரியன, தொடலாகாது. எது எதற்குரியது என ஐயுறின், அவரை நேரிற் கண்ட முதியவர் ஒருவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். தெளிவற்ற கண்ணை வேறொருவர் கண்கொண்டு நிரப்பித் தரும் கணினி முறைகளும் இப்போது உள. அவற்றால் வரும் முகம் அழகியதாயினும் அது அப்பாட்டியினுடையதன்று.

மாற்றாத மூலப்படி ஒன்றைத் தனியே பேணி, சட்டமிட்ட படத்தின் பின்புறத்திலே பெயர், ஊர், எடுத்த ஆண்டு, திருத்திய ஆண்டு, திருத்தியவர் பெயர் ஆகியவற்றை மையால் எழுதி வைப்பார் சிலர். களுத்துறைப் படங்களின் பின்புறம் அவ்வாறு எழுதுவார் எவருமிலர்.