ஹுத்னா

ஹுத்னா (பெயர்ச்சொல்): குறித்த காலத்துக்குப் போரை நிறுத்திவைக்கும் உடன்படிக்கை. அமைதியடைதல், அடங்குதல் என்னும் பொருளுடைய ‘ஹ-த-ன’ என்ற அரபு வேரிலிருந்து பிறந்தது. நிலையான சமாதானத்தைக் குறிக்கும் ‘சுல்ஹு’ இதனின் வேறானது.

இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு முன்மாதிரி, 628இல் நபி முஹம்மது மக்காவின் குறைஷியரோடு செய்துகொண்ட ஹுதைபிய்யா உடன்படிக்கை. அதன் காலம் 10 ஆண்டுகள் என்பதே பரவலான மரபு. அதனால் ஷாஃபிஈ சட்டப்பள்ளி போன்றவை 10 ஆண்டையே மேல்வரம்பாகக் கொண்டன. கெடு முடியும்வரை உடன்படிக்கையைக் காப்பது மதக் கடமையாகக் கருதப்பட்டது.

இக்கால அரசியலில் இச்சொல்லைப் பரவலாக்கியது பாலஸ்தீன இயக்கமான ஹமாஸ். 1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து விலகினால் நீண்டகால ஹுத்னாவுக்கு இணங்கலாம் என்று அதன் நிறுவனர் ஷேக் அஹ்மத் யாசீன் கூறிவந்தார். இஸ்ரேலை அங்கீகரிக்காமலே, மத நெறிக்கும் முரண்படாமல் போரை நிறுத்த இச்சொல் வழிவிட்டது. அடுத்த போருக்கு ஆயத்தமாகும் இடைவெளியே இது என்று எதிர்த்தரப்பில் பலர் ஐயுற்றனர். 2003 ஜூனில் ஹமாஸும் மற்றொரு பாலஸ்தீன இயக்கமான இஸ்லாமிய ஜிஹாதும் அறிவித்த மூன்று மாத ஹுத்னா, ஜெருசலேம் பேருந்துக் குண்டுவெடிப்பையும் ஹமாஸ் தலைவர் ஒருவரை இஸ்ரேல் கொன்றதையும் அடுத்து ஆகஸ்டிலேயே முறிந்தது.

ஒப்பிடுக: தஹ்திஆ – ஹுத்னாவைவிடக் குறுகிய, கட்டுப்பாடு குறைந்த தணிவு நிலை; 2008 ஜூனில் எகிப்தின் முயற்சியால் காசாவில் ஏற்பட்ட ஆறு மாத ஏற்பாடு இவ்வகையினது.