எல்லாருக்கும் ஜன்னல் சீட்: மலைச்சரிவில் ஒரு கடிகார ஃபேக்டரி

ஆபீஸ்ல ஜன்னல் ஓர சீட்டுக்கு எவ்வளவு போட்டின்னு உங்களுக்கே தெரியும். கிடைச்சவங்க அதிர்ஷ்டசாலி, மத்தவங்களுக்குப் பட்டப்பகல்லயும் டியூப்லைட்தான். ஆனா வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஜன்னல் வெளிச்சம் கிடைக்கணும்னே ஒரு கட்டடத்தைக் கட்டியிருக்காங்க. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

ஜெர்மனியின் தென்மேற்கில் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதி இருக்கு. அங்கே ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் ஷ்ராம்பெர்க்னு ஒரு சின்ன ஊர். 1861-ல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் என்பவர் தன் மைத்துனரோடு சேர்ந்து இங்கே கடிகார உதிரிபாகங்கள் செய்ய ஆரம்பித்தார். அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே அந்த வட்டாரத்தில் கடிகாரம் செய்தாங்க, ஆனா வீட்டுப் பட்டறைகளில், கைவேலையாக. யுங்ஹான்ஸ் குடும்பம் அமெரிக்க முறையைக் கொண்டு வந்தது: மெஷின் வெச்சு, ஒரே அளவில், மொத்த மொத்தமா பாகங்கள். 1903 வாக்கில் சுமார் 3,000 தொழிலாளர்கள், வருஷத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் கடிகாரங்கள். உலகத்திலேயே பெரிய கடிகார ஃபேக்டரின்னு பேர் வாங்கினாங்க.

இவ்வளவு வளர்ந்த பிறகு புது ஃபேக்டரி கட்டணும்னா ரெண்டு சிக்கல். ஒண்ணு, வெளிச்சம். கடிகாரச் சக்கரத்தின் பல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைப் பொருத்துறவங்களுக்கு நிழல் விழாத பகல் வெளிச்சம் வேணும். அகலமான கட்டடத்தில் நடுப்பகுதி இருட்டாகிடும். ரெண்டாவது, இடம். கூரையில் ரம்பப்பல் மாதிரி ஜன்னல் வெச்சு ஒரே தளத்தில் பரப்பிக் கட்டலாம்தான். அதுக்குச் சமதரை வேணுமே, பள்ளத்தாக்கில் அது எங்கே?

ஃபேக்டரி கட்டுறதில் பேர் போன ஃபிலிப் யாகோப் மான்ட்ஸ் என்ற ஆர்க்கிடெக்ட், மலையையே தளமாக எடுத்துக்கிட்டார். 1916-லிருந்து 1918-க்குள் சரிவில் ஒன்பது அடுக்குகள் எழுந்தன. நம்ம ஊர் கோயில் குளத்துப் படிக்கட்டை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிடக் கொஞ்சம் பின்னாடி தள்ளி நிற்குது. அதனால மேல்தளத்தின் நிழல் கீழே விழாது. ஒவ்வொரு தளமும் அகலம் குறைவு, முன்பக்கம் முழுக்க ஜன்னல். வேலை மேஜை எங்கே போட்டாலும் வெளிச்சம் பக்கத்திலேயே இருக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் லிஃப்ட். தளங்கள் நேர்மேலே அடுக்கப்படாததால் சாதாரண லிஃப்ட் வேலைக்கு ஆகாது. அதனால சரிவோடு சாய்வாக ஏறி இறங்குற லிஃப்ட் வெச்சாங்க. ஒரு முடிவு எடுத்தா அதைச் சார்ந்த எல்லாமே மாறும்னு கோடு எழுதுற நமக்குப் புரியும்தானே!

இப்போ அந்த வருஷங்களை மறுபடி பாருங்க. 1916, 1918. முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தது. பீரங்கிக் குண்டு குறிப்பிட்ட நொடியில் வெடிக்கணும்னா உள்ளே கடிகாரம் மாதிரியே ஒரு டைம் ஃபியூஸ் வேணும். போர்க்காலத்தில் யுங்ஹான்ஸ் கம்பெனி அதையும் செய்தது. அதே நுணுக்கமான கை, அதே கூர்மையான கண்.

அதனால இந்தக் கட்டடத்தை 'தொழிலாளிக்காகக் கட்டின அன்பான கட்டடம்'னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்த ஜன்னல்கள் வேலைக்காக வந்தவை. கண்ணுக்குக் கிடைச்ச நன்மை அதோடு ஒட்டி வந்தது. ஆனா ஒட்டி வந்ததுன்னாலும் அது நிஜமான நன்மைதான். மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சின்னச் சின்ன பாகத்தைப் பார்த்தவங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

1970-களில் குவார்ட்ஸ் வாட்ச் வந்து, கடிகாரத் தொழிலையே புரட்டிப் போட்டது. ஆனா இந்தக் கட்டடம் தப்பிச்சது. பழுது பார்த்து, 2018-ல் அதுக்குள்ளே கடிகார மியூசியம் திறந்தாங்க. யுங்ஹான்ஸ் கம்பெனி இன்னமும் ஷ்ராம்பெர்க்கில்தான் வாட்ச் செய்யுது.

அடுத்த தடவை உங்க ஊர்ல ஒரு பழைய மில்லோ ஒர்க்‌ஷாப்போ கண்ணில் பட்டா, முதல்ல ஜன்னல் எங்கே இருக்குன்னு பாருங்க. உள்ளே என்ன வேலை நடந்திருக்கும்னு கொஞ்சம் ஊகிக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!