வேரும் கொடியும்

வைனைப் பற்றிப் பேசும் பிரெஞ்சுக்காரரின் வாயில் ‘தெர்வார்’ என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு நிலத்தின் மண், கல், சரிவு, வெயில், காற்று, அங்கே தலைமுறைகளாகப் பயிர்செய்தவர்களின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து கோப்பைக்குள் வந்து இறங்குவதை அது குறிக்கிறது. நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூவும் பொழுதும் தொழிலும் வகுத்த மொழி நம்முடையது. நமக்கு இந்த எண்ணம் அந்நியமில்லை. ஆனால் தென் பிரான்சின் லாங்டொக் பிரதேச வரலாற்றைப் படித்த பிறகு, மண்ணின் பெயரால் சொல்லப்படும் கதைகளைச் சற்று நிதானமாகவே கேட்கிறேன்.

ரோன் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து ஸ்பெயின் எல்லைப் பக்கமாக, மத்தியதரைக் கடலை ஒட்டி நீளும் நாடு இது. நீண்ட கோடை, குறைந்த மழை. உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட காற்று இலைகளின் ஈரத்தைத் துடைத்துவிடுவதால் பூஞ்சண நோய் குறைவு. ஃபோஜேரில் ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை. நார்போனுக்கு அருகே லா கிளாப்பில் சுண்ணாம்புக் குன்று. கி.மு. 118இல் உரோமர் நார்போனில் குடியேற்றம் அமைத்த காலத்திலிருந்தே வைன் இங்கே பெரிய வியாபாரம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் வந்தது. வடக்கே தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்களுக்கு மலிவான வைன் தேவைப்பட்டது. கொடி கல்மேட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்கியது. அங்கே அரமோன் என்ற இனம் குலைகுலையாகக் காய்த்தது. வெளிறிய, மெலிந்த வைன்தான். ஆனால் பீப்பாய்கள் நிறைந்தன. தெர்வாரைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது பிலொக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு கப்பலேறிய, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் பூச்சி. வேரில் சாறு உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். 1868இல் மொன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் உடன் சென்ற இருவரும் கொடிகளின் வேர்களில் அதைக் கண்டார்கள். மண்ணுக்குள் இரசாயனம் செலுத்தினார்கள். தோட்டங்களை நீரில் மூழ்கடித்தார்கள். கடைசியில் தீர்வும் பூச்சி வந்த நாட்டிலிருந்தே கிடைத்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். வளவில் ஒட்டு மாங்கன்று வைத்து வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கொடிகள் மீண்டன. விலை மீளவில்லை. பிரான்சில் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் குடியேற்றக்காரர் அல்ஜீரியாவில் பெருந்தோட்டங்கள் நட்டிருந்தார்கள். அந்த வைனும் வந்து குவிந்தது. போதாததற்குச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த போலி வைன். 1903இல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டது கலப்படக்காரருக்கு வசதியாகிவிட்டது. விளைந்ததை விற்க முடியாமல் கிராமங்கள் கடனில் மூழ்கின.

1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே என்ற கிராமத்திலிருந்து 87 பேர், விசாரணைக்கு வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட நார்போனுக்குப் புறப்பட்டார்கள். முன்னால் நடந்தவர் மார்சலன் அல்பேர், கஃபே நடத்திய சிறு விவசாயி. பின்னர் ஞாயிறுதோறும் ஒவ்வொரு நகரமாகக் கூட்டம் பெருகியது. ஜூன் 9 அன்று மொன்பெலியேயில் திரண்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம் என்கிறார்கள். கூலியாளும் தோட்ட முதலாளியும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். நூற்றுக்கணக்கான நகரசபைகள் பதவி விலகின. பிரதமர் கிளெமான்சோ இராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19ஆம் 20ஆம் திகதிகளில் நார்போனில் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் இறந்தார்கள்.

அந்தச் செய்தி ஆக்டில் இருந்த 17ஆம் காலாட்படைக்கு எட்டியது. பெரும்பாலோர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். சுமார் 500 பேர் ஆயுதங்களோடு இரவோடிரவாக பெசியேக்கு நடந்தார்கள். சொந்தச் சனங்கள்மீது சுட மாட்டோம் என்பதே அவர்கள் நிலை. பின்னர் அவர்களைத் துனிசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பினார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடிவைத்தேன். சீருடை அணிந்தவர்கள் சனங்களைத் தங்கள் சனம் என்று எண்ணாத நாட்டிலிருந்து வந்தவன் நான்.

அல்பேருக்கு நேர்ந்தது வேறு. இரகசியமாகப் பரிஸ் போய்க் கிளெமான்சோவைச் சந்தித்தார். ரயில் கட்டணத்துக்கென்று பிரதமர் நீட்டிய 100 பிராங்கை வாங்கிக்கொண்டார். கிளெமான்சோ அதைப் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். ‘மீட்பர்’ என்று கொண்டாடிய அதே மக்கள் அவரைத் துரோகி என்றார்கள். 1921இல் வறுமையில் இறந்தார். ஒரு போராட்டத்தை முடக்கச் சில வேளைகளில் நூறு பிராங்கும் ஒரு வதந்தியும் போதும்.

ஆனாலும் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29 அன்று வந்த சட்டம், ஒவ்வொருவரும் எவ்வளவு நிலத்தில் எவ்வளவு அறுவடை செய்தார் என்பதை அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. செப்டம்பரில் வந்த ஆணை, புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்து உண்டாவதே வைன் என்று வரையறுத்தது. மண்ணின் பெயரைப் போத்தலில் எழுதுவதற்கு முன்னால், உள்ளே இருப்பது திராட்சைதான் என்பதை உறுதிசெய்ய ஆறு உயிர்கள் போக வேண்டியிருந்தது.

பிறந்த இடத்தின் பெயருக்குச் சட்ட அங்கீகாரம் இப்பிரதேசத்துக்கு மெதுவாகவே வந்தது. ஃபிதூவுக்கு 1948இல், ஃபோஜேருக்கு 1982இல், கோர்பியேருக்கும் மினெர்வுவாவுக்கும் 1985இல். சமவெளியின் அரமோனைப் பிடுங்கிவிட்டு மறுபடி கல்மேடேறினார்கள். பாட்டன் விளைச்சல் போதாதென்று கைவிட்ட சரிவில் பேரன் சீராவும் கிரனாஷும் நட்டான். மண் மாறவில்லை, அதற்கு மனிதர் கொடுத்த மதிப்பே மாறியது.

இன்று அந்தப் போத்தல்களின் முகப்பில் ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடியில் நிற்கும் அமெரிக்க வேரின் பெயர் எங்கும் இல்லை. அதனால் அந்த வைன் லாங்டொக்கின் வைன் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. ‘நீங்கள் உண்மையில் எந்த ஊர்?’ என்ற கேள்வியோடு இங்கே வளரும் நம் பிள்ளைகளிடம், மொன்பெலியே ரயில் நிலையத்துக்கு எதிரே பிளான்ஷோனின் சிலை இருப்பதைச் சொல்லுங்கள். அவருக்குக் கீழே ஒரு விவசாயி திராட்சைக் குலையை ஏந்தி நிற்கிறான். அது ஒட்டுக்கட்டிய கொடியில் காய்த்தது.